ஊரைக் கிளப்பிவிட்ட அம்பாசடர்

புளியங்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். நம்ப முடியாதவர்கள் பஸ் ஏறி வந்து பஜாரில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்; கடைக்குக் கடை கதை மாறும், யார் முதலில் பார்த்தது என்பதில் கைகலப்புகூட வரும், ஆனால் நடக்கவே இல்லை என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் கல்யாணமாக வேண்டுமென்றால் தாலிக்கு அடுத்தபடி ஆவுடையப்பன் அண்ணாச்சியின் வெள்ளை அம்பாசடர் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கப்பல் மாதிரி ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதில் சீர்ச் சாமான்தான் ஏறும். பொண்ணும் மாப்பிள்ளையும் அம்பாசடரின் பின் ஸீட்டில் ஏறி, பஜார் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள், ஊர் வாசலுக்கு வந்து நின்று பார்க்கும். தெரு பார்த்தால்தான் கல்யாணம் என்பது எங்கள் ஊரின் எழுதாத சட்டம். தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒரு தீர்ப்புதான், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. மற்ற ஊர்களில் கல்யாணக் காருக்கு பானட்டில் பொட்டு வைப்பார்கள், கண்ணாடியில் வைப்பார்கள். எங்கள் ஊரில் மணப்பெண் முன் கதவைத் திறந்து, குனிந்து, டேஷ்போர்டில் சாவி போடுகிற துவாரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு பெண் வெட்கத்தில் இடம் தெரியாமல் அங்கே வைத்துவிட்டாள், அவள் வாழ்க்கை அமோகமாக அமைந்துவிட்டது, அதற்குப் பிறகு யார் வீட்டுப் பெண்ணாவது வேறு இடத்தில் வைக்கத் துணிவாளா? ஆவுடையப்பனும் மறுப்புச் சொல்லாமல் அந்தப் பொட்டின் மேலேயே சாவியைச் சொருகி, ஒரு திருகு திருகி, வண்டியைக் கிளப்புவார்.

இப்படி ஊர்ப் பெண்களையெல்லாம் ஏற்றி இறக்கிய அந்தக் காரில் ஏறாமல் போன ஒரே பெண் அவருடைய மகள் சுகந்தி. மேலப்பொட்டல் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கதிரேசன் என்கிற வேறு சாதிப் பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. வீட்டில் சொன்னாள். ஆவுடையப்பன், "என் கார் சாவிய இதுக்குத் திருக மாட்டேன்" என்றார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை, ஒரு பையோடு நல்ல வெயிலில் பஜார் தெரு வழியாக நடந்துபோய் டவுன் பஸ் ஏறிவிட்டாள். அப்போது தெரு என்ன செய்தது என்றால், பாதிக் கடை ஷட்டரை இறக்கியது, மீதிக் கடை கணக்கு எழுதுவது மாதிரிக் குனிந்துகொண்டது. இட்லிக் கடை தெய்வானை மட்டும் குனியவில்லை. "ஊர்ப் பொண்ணையெல்லாம் கார்ல ஏத்துனவருக்குச் சொந்தப் பொண்ணு பஸ்ல போறா பாருங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டு வேப்ப மரத்தடியில் காருக்குள்தான் உட்கார்ந்திருந்தார். கையில் சாவி இருந்தது. அவர் திருகவில்லை. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா முத்துப்பேச்சி மட்டும் பூக்கடைப் போனிலிருந்து ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தாள், அந்த ரகசியம் ஆவுடையப்பனைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

விஷயம் நடந்தது ஓர் ஆவணி மாத முகூர்த்த நாளில். பின் ஸீட்டில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தாயிற்று, மேளம் நின்றாயிற்று, ஆவுடையப்பன் சாவியைத் திருகினார். செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடி திருகினார், ஒரு இருமல்கூட இல்லை. அந்தச் சமயத்தில் பானட்டில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தவர் ரைஸ்மில் தங்கப்பழம். அவருடைய மில் சித்திரையிலிருந்து ஓடவில்லை, கோயம்புத்தூர் வரைக்கும் ஆள் கூட்டிவந்து பார்த்தும் மோட்டார் அசையவில்லை. சாவி முதல் தடவை திரும்பிய அதே நொடியில் இரண்டு தெரு தாண்டி அந்த மில் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. தங்கப்பழம் முதலில் காதைத் தேய்த்துக்கொண்டார், பிறகு மொய் எழுதாமலே ஓடிப்போனார். பொண்ணும் மாப்பிள்ளையும் நடந்தே தெருவைச் சுற்றினார்கள்.

மறுநாள் காலையில் கார் ஷெட்டில் ஆவுடையப்பன் மறுபடி சாவி போட்டுப் பார்த்தபோது பானட்டில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தவர் நாதஸ்வர வித்வான் சண்முகவடிவு. சாவி திரும்பியதும் அவருக்கு வராமல் போயிருந்த ஒரு சங்கதி தொண்டையில் வந்து நின்றது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு வாத்தியத்தை எடுக்க வீட்டுக்கு நடந்தார். அதற்கடுத்த நாள் மணிக்கூண்டுக்கு எண்ணெய் போடுகிறவர் தற்செயலாகக் கை வைத்தார், கும்பாபிஷேகத்தன்று நின்ற கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதற்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்தச் சாவி கார் ஒன்றைத் தவிர எதை வேண்டுமானாலும் கிளப்பும். யார் பானட்டில் கை வைக்கிறார்களோ அவருடைய எது நின்றுபோயிருக்கிறதோ அது கிளம்பும். ஒரு நாளைக்கு ஒரு திருகுதான் பலிக்கும், இரண்டாவது திருகு வெறும் திருகு.

இதைக் கண்டு எங்கள் ஊர் பயந்ததா, பரவசப்பட்டதா என்றால் இரண்டும் இல்லை, வரிசையில் நின்றது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரேஷன் கடை எப்படியோ இதுவும் அப்படித்தான். விடியும் முன்னாலேயே செருப்பைப் போட்டு இடம் பிடித்தார்கள். கவுன்சிலர் நல்லபெருமாள் ஷெட் வாசலில் பந்தல் போட்டு, அதைத் திறந்துவைத்து, தன்னுடைய நின்றுபோன ரோடு வேலைக்காகத் தானே முதலில் கை வைத்தார். ஒரு சுவருக்காகப் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகக் கை வைத்தார்கள், சாவி திரும்பியதும் பேச ஆரம்பித்தார்கள், இன்னும் நிறுத்தவில்லை, சுவர் இடிந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆராய்ச்சிப் படிப்பை ஆறாம் அத்தியாயத்தில் விட்டிருந்த தமிழ் வாத்தியார் ஒருவர் கை வைத்த கையோடு எழுதப் போனார். ஒரு கிழவருக்கு எந்தக் காலத்திலோ பாதியில் நின்ற தும்மல் வந்தது. வண்டி ஓடாமல் பந்தலுக்குள் கூட்டம் கூடுகிறதே என்று விசாரிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் யோசனையாக பானட்டில் கை வைத்தார், அவருடைய டிரான்ஸ்பர் ஆர்டர் கிளம்பிவிட்டது, அவரும் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார். ஆவுடையப்பன் யாரிடமும் காசு வாங்கவில்லை. கல்யாண வாடகை போனது போனதுதான், ஆனால் தினமும் காலையில் ஒருத்தர் முகம் மலர்வதைப் பார்ப்பதில் ஒரு ருசி கண்டுவிட்டார், அதை நாங்கள் குற்றம் சொல்ல முடியாது.

இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தவர் பீர்மைதீன் பாய், ஊரின் ஆட்டோ எலக்ட்ரீசியன், ஆவுடையப்பனோடு பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர். ஒருநாள் அவர்தான் கேட்டார்.

"ஏன் வே, ஊர்ல எல்லாரும் கை வச்சாச்சு. நீரு வச்சீரா?"

"நான் சாவி திருகுதவன்லா. நான் எப்படிக் கை வைக்க?"

"சாவிய எங்கிட்ட தாரும். போயி முன்னால நில்லும்."

ஆவுடையப்பன் எழுந்துபோய் பானட்டில் கை வைத்தார். கார் கிளம்பட்டும் என்றுதான் மனசுக்குள் நினைத்தார். பாய் சாவியைத் திருகினார். கார் கிளம்பவில்லை. ஆவுடையப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"அப்பா."

அவர் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். "சொல்லும்மா" என்றார்.

"எனக்கு இது ஏழாம் மாசம். வெள்ளிக்கெழம வளைகாப்பு. இங்க அத்தை எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாவ. வளையல் போட்டதும் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும்லா. வாரியளா?"

"வாரேம்மா. வாரேன்."

"நம்ம கார்ல வரணும். பஸ்ல வந்தா நான் ஏற மாட்டேன், வேற காருன்னாலும் ஏற மாட்டேன். பட்டப் பகல்ல, பஜார் தெரு வழியா, பின் ஸீட்டுல நான் உக்காந்து வரணும். தெரு பாக்கணும். அன்னைக்குப் பாக்காத தெரு, இன்னைக்குப் பாக்கணும். இல்லன்னா பிள்ளைய இங்கயே பெத்துக்கிடுதேன்."

போனை வைத்ததும் ஆவுடையப்பன் பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், பந்தலில் நின்றவர்களும் அழுதார்கள், கவுன்சிலர் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். சோடா குடித்து முடிக்கும்போதுதான் ஆவுடையப்பனுக்கு உறைத்தது. எந்தக் காரில் போய் அழைக்க வேண்டுமோ அந்தக் கார்தான் நகராது.

பாய் வேலையில் இறங்கினார். மறுநாள் முதலில் சாவி போடுகிற லாக்கைத் தொடாமல் பின்னாலிருக்கிற வயர்களை நேராக உரசிப் பார்த்தார். பொறி பறந்தது, கார் அசையவில்லை, ரோட்டோரம் துருப்பிடித்துக் கிடந்த ரோடு ரோலர் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அதற்கடுத்த நாள் இரண்டாவது கியரில் போட்டு நாலு பேரை வைத்துத் தள்ளிப் பார்த்தார். தள்ளியவர்களில் ஒருவருடைய பழைய புல்லட் அவர் வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆனது. "லாக்கத் தொறக்காம வழியில்ல" என்று மூன்றாம் நாள் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டின் பின்னால் கையை விட்டு நட்டைத் தளர்த்தி, லாக்கை வெளியே எடுத்தார். பக்கவாட்டில் இருக்கிற ஊசித் துளையில் மெல்லிய கம்பியை அழுத்திக்கொண்டு சாவியைப் பாதி திருப்பி இழுத்தால் உள்ளே இருக்கிற பித்தளை உருளை கையோடு வந்துவிடும். வந்தது. வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்தார். வரிசையாகப் பித்தளைத் தகடுகளும் மயிரிழை ஸ்பிரிங்குகளும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. கெட்டியாக, கல் மாதிரி, சிவப்பும் மஞ்சளுமாகக் குங்குமமும் சந்தனமும் அடைத்துக் கிடந்தது. ஷெட் முழுக்கக் கல்யாண வாசம் அடித்தது.

"ஊர்ப் பொண்ணுங்க பூராவும் உள்ள இருக்கு வே" என்றார் பாய்.

குண்டூசியால் ஒரு துளி சுரண்டி எடுத்துவிட்டு, உருளையைச் சொருகி, வயரைக் கொடுத்து, சாவியைத் திருகினார். அம்பாசடர் முதல்முறையாக லேசாக ஒரு இருமல் இருமியது. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, தகடுகளைத் துடைத்து, எண்ணெய் போடாமல் பென்சில் கரித் தூளைத் தூவி மாட்டினால் கார் ஓடும், அரை மணி நேர வேலை. ஆனால் அதற்குப் பிறகு அது வெறும் கார்.

அன்று வியாழக்கிழமை. சேதி பரவி ஊரே ஷெட் வாசலில் கூடிவிட்டது. கவுன்சிலர் பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நம்ம ஊரு இப்பத்தான் முன்னேறிட்டு வருது. பாப்பாவுக்கு ஏசி காரு நான் ஏற்பாடு பண்ணுதேன், பூ அலங்காரத்தோட" என்றார். இன்னும் கை வைக்காதவர்கள் முணுமுணுத்தார்கள். ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாருக்கும் எல்லாம் கெளம்பிட்டு. எம்பிள்ள அங்கயே நிக்கா. அன்னைக்கு ஷட்டர எறக்குனது யாரு? நான் எறக்குனேனா?" என்று கேட்டவர், "நானுந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஊத்தும் வே மண்ணெண்ணய."

பாய் கிண்ணத்தில் மண்ணெண்ணெயை ஊற்றினார். உருளையை எடுத்தார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து தெய்வானை முன்னே வந்தாள். அவளைப் பார்த்ததும் ஆவுடையப்பனின் முகம் இறுகியது. அவள் வீட்டுக்காரர் பரமசிவன் தென்னை மரம் ஏறுகிறவர், மரத்திலிருந்து விழுந்து எலும்பெல்லாம் கூடி ஒரு வருஷமாயிற்று, டாக்டர் நடக்கலாம் என்கிறார், கால்கள்தான் கிளம்ப மாட்டேன் என்கின்றன. வெள்ளிக்கிழமை அவருடைய முறை என்று எல்லாருக்கும் தெரியும். அவள் கெஞ்ச வந்திருக்கிறாள் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்தார். கெஞ்சட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம்கூட வந்தது.

"கழுவிருங்க அண்ணாச்சி" என்றாள் தெய்வானை. "எங்க வீட்டுல அவியளுக்கு வேற வழி கெடைக்கும். ஒரு வருசம் பொறுத்தாச்சு, இன்னும் பொறுத்துக்கிடுதேன். சுகந்தி பஸ் ஏறுனப்ப நான் சொன்ன சொல்லு எனக்கு மறக்கல. நீங்க போயி அவளக் கூட்டிட்டு வாங்க."

சொல்லிவிட்டு நிற்காமல் கடைக்குப் போய்விட்டாள், இட்லி அடுப்பில் இருந்தது. ஆவுடையப்பன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கெஞ்சியிருந்தால் கழுவியிருப்பார். சண்டை போட்டிருந்தாலும் கழுவியிருப்பார். இப்போது என்ன செய்வது?

"பாய், திரும்ப மாட்டிரும்."

"கழுவவா, கழுவாமயா?"

"இருந்த மாதிரியே."

பாய் உருளையைத் திரும்பத் துணியில் வைத்தார். சுரண்டிய துளியைக்கூட நகத்தால் எடுத்து இருந்த இடத்தில் ஒட்டினார். "எத்தன பூட்டப் பாத்திருக்கேன். கோளாறப் பத்திரமா திரும்ப உள்ள வச்சு மூடுதது இதான் வே மொதத் தடவ" என்று சொல்லிக்கொண்டே நட்டை முடுக்கினார்.

வீட்டில் முத்துப்பேச்சி பலகாரச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். "அப்ப பிள்ளைய எப்படிக் கூட்டியாறது?"

"பஸ்ல போறேன்."

"ஏற மாட்டேன்னு சொல்லிட்டாளே."

"ஏறாட்டா அங்கனயே நிக்கேன். திட்டட்டும். இத்தன நாளு திட்டக்கூட இல்லலா."

முத்துப்பேச்சிக்கு ஆத்திரமும் வந்தது, அந்த மனுஷன் மேல் எப்போதும் இல்லாத ஒரு பிரியமும் வந்தது. இரண்டையும் காட்டாமல் அதிரசத்தைத் தூக்குவாளியில் அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆவுடையப்பன் புது வேட்டி கட்டி, பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஷெட்டுக்கு வந்தார். நாலு பேர் பரமசிவனை நாற்காலியோடு தூக்கிவந்து பானட்டுக்கு முன்னால் வைத்தார்கள். அவர் கையை எடுத்துத் தெய்வானை பானட்டின் மேல் வைத்தாள். ஆவுடையப்பன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

பரமசிவன் எழுந்து நின்றார். ஒரு அடி வைத்தார், அடுத்த அடி வைத்தார், பிறகு நிறுத்த முடியவில்லை, ஒரு வருஷ நடை மொத்தமும் கால்களில் சேர்ந்துகிடந்து இப்போது அவிழ்ந்துகொண்டது. காரை ஒரு சுற்றுச் சுற்றினார், இரண்டாம் சுற்றில் எதையாவது பிடித்து நிற்கலாம் என்று காரின் டிக்கியை இரண்டு கைகளாலும் பிடித்தார். கால்கள் நிற்கவில்லை. கார் நகர்ந்தது.

"பிரேக் போடாதீக அண்ணாச்சி" என்றாள் தெய்வானை. "காலு அதும்பாட்டுக்குப் போவட்டும். இப்பப் போயி நிறுத்தாதீக."

அம்பாசடர் ஷெட்டை விட்டு, பந்தலை விட்டு, ரோட்டுக்கு வந்தது. ஒற்றை ஆளாகத் தள்ளுகிறாரே, மறுபடி விழுந்துவைப்பாரே என்று பாய் ஓடிவந்து ஒரு கை கொடுத்தார். நாற்காலியைத் தூக்கிவந்த நாலு பேரும் கை வைத்தார்கள். முத்துப்பேச்சி தூக்கோடு ஓடிவந்து முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள், எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. முக்கு ரோடு வந்தது. இடது கைப் பக்கம் பஸ் ஸ்டாண்டு, வலது கைப் பக்கம் மேலப்பொட்டல். ஆவுடையப்பன் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார்.

பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையை எடுக்காமல் தள்ளினார்கள். ரைஸ்மில் தங்கப்பழம் மில்லை நிறுத்தாமலே ஓடிவந்து கை வைத்தார், சண்முகவடிவு வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமலே வந்து சேர்ந்தார், அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டே வந்தார்கள், ஆராய்ச்சி வாத்தியார் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு வந்தார், கவுன்சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நியாயமாகவே தள்ளினார். கடை கடையாக மூடி ஆள் வந்துகொண்டே இருந்தது. கைக்கு இடம் கிடைக்காதவர்கள் தள்ளுகிறவர்களின் முதுகைத் தள்ளினார்கள். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் மூச்சு முட்டியபோது பின்னால் வந்த டவுன் பஸ்ஸிலிருந்து சனங்கள் இறங்கிவந்து சேர்ந்துகொண்டார்கள், காலி பஸ் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வந்தது. இறக்கத்தில் கார் தானாக ஓடியது, ஊரும் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடியது. பரமசிவன் ஒருத்தர்தான் மாறாமல் நடுவில் நின்று தள்ளினார், மாற்று ஆள் விட்டால் சண்டைக்குப் போனார்.

மேலப்பொட்டலில் சுகந்தி இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் வளையலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ரோட்டுத் திருப்பத்தில் வெள்ளைக் கார் தெரிந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. அதற்குப் பின்னால் தூசி பெரிதாக எழும்பியது. கார் அவள் முன்னால் வந்து நின்றது, ஆவுடையப்பன் இறங்கினார். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துவந்தவர் கடைசியில் காரைப் பற்றித்தான் சொன்னார்.

"செல்ஃப் எடுக்கலம்மா."

"அப்புறம் எப்படி வந்திய?"

"தள்ளிட்டு."

அவள் அவரைப் பார்த்தாள். தலையில் நிறைய நரைத்திருந்தது. புது வேட்டி முழுக்கப் புழுதி. "அன்னைக்கே நான் திருகிருக்கணும்" என்றார். அவளுக்கு அழுகை வந்தது, வளையல் கைகளால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவள் வயிறு இடித்ததில் அவர் பயந்துபோய் விலகினார், அதைப் பார்த்து அழுகையோடு சிரித்தாள்.

வளைகாப்புக்கு ஆக்கிய புளிச் சாதமும் தேங்காய்ச் சாதமும் வந்த ஊருக்கு எந்த மூலைக்கு? சம்பந்தியம்மா ஒரு குரல் கொடுத்தார், மேலப்பொட்டலில் எல்லா வீட்டு அடுப்பும் எரிந்தது. ஊரைக் கூட்டி வேப்ப மர நிழலில் உட்காரவைத்து இலை போட்டார்கள். எந்த இலையில் எந்தச் சாதிக்காரர் உட்கார்ந்தார் என்று பசியில் ஒருத்தரும் கவனிக்கவில்லை, பிற்பாடு ஞாபகம் வந்தபோது ஜீரணமாகியிருந்தது. கதிரேசன் மாமனாரின் இலைக்கு வந்து ரசம் ஊற்றினான். "போதும் மாப்ள" என்றார் ஆவுடையப்பன். அந்த "மாப்ள" அவன் காதில் விழுந்து, அவன் ரசத்தை நிறுத்தாமல் ஊற்றி, இலை தாண்டி ஓடியது.

வெயில் தாழ்வதற்குள் கிளம்பினார்கள். பின் ஸீட்டில் சுகந்தி, பக்கத்தில் அம்மா. கதிரேசன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போய்த் தள்ளுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான். மேலப்பொட்டல்காரர்கள் பாதிப் பேரும் பாலம் வரைக்கும் வருகிறோம் என்று கிளம்பி, பாலத்தில் திரும்ப மறந்துவிட்டார்கள்.

பஜார் தெரு நெருங்க நெருங்க சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்தாள், வியர்வையைத் துடைத்தாள், வளையல்களைக் கண்ணாடி ஓரத்தில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். இந்தத் தெருவுக்காக அவள் எத்தனையோ முகங்களைப் பழகி வைத்திருந்தாள். கோபமான முகம் ஒன்று, அலட்சியமான முகம் ஒன்று. கார் தெருவுக்குள் திரும்பியது.

தெருவில் ஒருத்தரும் இல்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன. வாசல்கள் காலியாக இருந்தன. மாடி ஜன்னல்கள் திறந்திருந்தன, அவற்றில் முகங்கள் இல்லை. இட்லிக் கடை பெஞ்சில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது, அதுவும் தலையைத் தூக்கவில்லை.

"தெரு பாக்கணும்னு சொன்னேனேப்பா" என்றாள் சுகந்தி. குரல் உடைந்தது. "ஒருத்தரக் காணோமே."

ஆவுடையப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார். "பின்னால பாரும்மா."

அவள் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தெரு முழுக்கக் காருக்குப் பின்னால் இருந்தது. தெய்வானை இருந்தாள், அன்றைக்கு ஷட்டரை இறக்கியவர்கள் இருந்தார்கள், கணக்கு எழுதக் குனிந்தவர்கள் இருந்தார்கள், எல்லாரும் வேர்த்து வழிய, மூச்சு வாங்க, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கக்கூட நேரமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு தள்ளிக்கொண்டிருந்தார்கள்.